புளியமூட்டு வளைவில் இறங்கி நடந்த டபேதார்

செய்தி ஒரு கேள்வியாக வந்தது. காலையில் ஆட்டுக்குட்டிக்குப் பூச்சிமருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கிரேஸ், பாறசாலையில் இருக்கும் டபேதார் யேசுவடியானின் ஒரே மகள்.

“மாமா, குதிரைப் பட்டாளத்துக்காரங்க செத்தா அவியளுக்க பூட்ஸ குதிரைக்க மேல வைப்பாவளே, அது முன்ன பாத்தா, பின்ன பாத்தா?”

“பின்ன பாத்தாக்கும் மக்கா. கால் வைக்குத அங்கவடியில திருப்பி மாட்டணும். என்னத்துக்குக் கேக்குற?”

“அப்பா போயிட்டாவ மாமா. காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சு இருந்தாவ. பொறவு கூப்பிட்டா பதில் இல்ல.”

பட்டாளத்து முறை ஏதாவது உண்டென்றால் அடக்கத்தில் செய்துவிடலாம் என்று போதகர் ஐயா சொன்னாராம். அங்கவடிக்குக் குதிரையும் இல்லை, டபேதாரிடம் பூட்ஸும் இல்லை, ஜெபமும் பாட்டும் போதும் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அது ஏன் மாமா பின்ன பாத்து வைக்குதாவ?” என்று கேட்டாள். தகப்பனின் மகள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கு மூன்று பதில்கள் தெரியும். இறந்தவன் தன் ஆட்களைக் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான் என்பது ஒன்று. இனி இந்தக் குதிரையில் அவன் ஏறமாட்டான் என்று அறிவிக்கும் அடையாளம் என்பது இன்னொன்று. பேயாக வந்து ஏறிக்கொள்ளாமல் இருப்பதற்கு என்பது லாயத்தில் சாணம் அள்ளுகிறவர்கள் சொல்வது. மூன்றையும் தேடிப் பிடித்து எனக்குச் சொன்னவர் அவளுடைய அப்பா.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் நெய்யாற்றின்கரையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஆசான். காரில் ஏறுவதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒருமுறை நடக்கச் சொல்வார், பின்னாலிருந்து வந்து சத்தமில்லாமல் கதவைத் திறந்தால் திட்டுவார். “அது மிரளாது, நீ மிரளுவ. அதுக்காக்கும்” என்பார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அது வந்த இடத்தைப் பார்த்தவன் நான். அவர் இருந்த திருவனந்தபுரம் குதிரைப் பட்டாளத்தின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அவர் குதிரை மேலே, நான் குதிரையின் வாய்க்குள்ளே. எங்கள் கூட்டில் இப்போது எஞ்சியிருப்பவன் நான் மட்டும்.

மகாராஜாவின் குதிரைப்படைக்கு எவ்வளவு வயது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வடக்கேயிருந்து வந்த குதிரைக்காரர்கள் தொடங்கியது என்பார்கள். அதற்குச் சாட்சி போல, எங்கள் லாயத்தில் பதவிகளுக்கும் சேணத்தின் பல உறுப்புகளுக்கும் இந்துஸ்தானிப் பெயர், கட்டளைகள் இங்கிலீஷில், வசவுகள் மலையாளத்தில். குதிரையைத் தடவிக்கொடுக்கும்போது மட்டும் அவரவர் வீட்டுப் பாஷை. சாதாரண வீரன் சவார், அவனுக்கு மேலே டபேதார், அதற்கும் மேலே ஜமேதார், ரிசால்தார். எங்கள் பக்கத்து மிஷன் சபைப் பிள்ளைகள் அங்கே குதிரையேறுவது அப்போது புதுமை. யேசுவடியான் பாறசாலைக்காரர், நான் அதியன்னூர்க்காரன். இருவருக்கும் வீட்டுப் பாஷை தமிழ். அதனாலேயே சிநேகம்.

பட்டாளத்தில் எதற்கும் ஒரு முறை உண்டு. குதிரை தண்ணீர் குடிக்கும் முன் மனிதன் வாய் நனைக்கக் கூடாது. குதிரைகளுக்கு ஆறுகளின் பெயர்தான் வைக்க வேண்டும். ஆகவே லாயத்தில் பம்பையும் நெய்யாறும் கரமனையும் பக்கம் பக்கமாக நின்று கொள்ளு தின்றன. பெரிய முரசு சுமக்கும் குதிரை படைக்கு முன்னால் போகும். அதன்மேல் வாளோடு யாரும் ஏறக் கூடாது. சுவாமி கடலில் நீராடும் ஆறாட்டுக்குக் கடற்கரைக்குப் போகும் நாளில் வெள்ளைக் குதிரைகளை வரிசையின் வலப்பக்கம் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் இதையெல்லாம் செய்தார்கள். யேசுவடியான் செய்துகொண்டே, “இது எதுக்கு வே?” என்று கேட்டார். எதிர்த்துக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த வேறுபாடு மேலதிகாரிகளுக்குப் புரியச் சில வருடங்கள் பிடித்தன.

லாயத்தின் முதல் கொட்டடி எப்போதும் காலியாக இருக்கும். தினமும் அதில் புது வைக்கோல் பரப்புவார்கள், குதிரை கட்டமாட்டார்கள். பழைய ரிசால்தார் ஒருவர், போரில் விழுந்த முதல் தலைவனின் குதிரைக்காக அது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். லாடம் அடிப்பவர், முன்னொரு காலத்தில் அதில் பாம்பு கடித்துக் குதிரை செத்தது என்றார். யேசுவடியான் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கொட்டடியைக் கவனித்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முற்றத்து ஓடையின் சரிவு அந்தக் கொட்டடியை நோக்கித்தான் இருந்தது. பெருமழையில் தரைக்கடியில் தண்ணீர் ஊறியது. அங்கே நின்ற குதிரைக்குக் குளம்பு அழுகியிருக்கும்.

“கண்டுபிடிச்சாச்சுல்லா, இனி ரிசால்தாருகிட்ட சொல்லப்போறீரா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு? குதிரைக்குக் குளம்பு அழுகப்படாதுன்னு நெனச்சவன் ஒருத்தன் இருந்திருக்கான். அவன் பேரு போச்சு. வைக்கோல் மட்டும் நிக்குது. நாமளும் பரப்புவோம்.”

அவர் குதிரையின் பெயர் கோதை, அதுவும் ஓர் ஆற்றின் பெயர்தான். சிவப்பும் கருப்பும் கலந்த பெண்குதிரை, வலது காதில் சிறிய பிளவு. எனக்கு அதைக் கண்டால் பயம். மருந்துக் குழாயை இரண்டு தடவை கடித்துத் துப்பியிருக்கிறது. அவரிடம் மட்டும் ஆட்டுக்குட்டி போல நிற்கும். அவர் அதனிடம் தமிழில் பேசுவார், பெரும்பாலும் வீட்டு விசேஷங்கள்: மனைவி தாயம்மாளுக்கு மசக்கை, பிலாவில் இந்த வருஷம் காய் பிடிக்கவில்லை, இப்படி.

மகாராஜாவின் ஆட்சி முடிந்து பட்டாளம் சர்க்கார் கைக்கு மாறிய பிறகுதான் எல்லைக் கிளர்ச்சி சூடு பிடித்தது. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் அது. எங்கள் நெய்யாற்றின்கரைப் பக்கமும் அதில் உண்டு. கூட்டங்கள், ஊர்வலங்கள், தடியடி, சிறை. சர்க்கார் உடுப்புப் போட்ட தமிழனுக்கு அந்த வருடங்கள் நல்ல வருடங்கள் அல்ல. ஊருக்குப் போனால் துரோகி, லாயத்துக்கு வந்தால் சந்தேகப் பார்வை.

தாயம்மாளின் அண்ணன் மாசிலாமணி கிளர்ச்சியில் தீவிரமாக இருந்தவர். நல்ல பேச்சாளர், தறி நெய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யேசுவடியான் வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தார். உட்காரவில்லை.

“மச்சினா, அடுத்த சந்தை நாளுல கூட்டம் உண்டு. உங்க குதிரைய விடுவானுவண்ணு கேள்விப்பட்டேன். நீரும் வருவீரா?”

“ஆர்டர் வந்தா வராம பின்ன?”

“வந்தா எறிவோம். நீருண்ணு பாத்துக் கல்லு வளஞ்சு போவாது.”

தாயம்மாள் கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யேசுவடியான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எறியிறதுண்ணா எனக்க மேல எறியும். குதிரைக்குக் கல்லு படாம பாத்துகிடும், அதுக்கு ஒரு பாஷையும் கெடையாது” என்றார். மாசிலாமணி போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் யேசுவடியான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நான் கவலைப்பட்டது அதற்காகத்தான்.

ஆர்டர் வந்தது. ஒரு சிறிய அணி, டபேதார் யேசுவடியான், வயதில் மூத்த சவார் குட்டன் பிள்ளை, இன்னும் சிலர். தலைமைக்கு ஒரு ஜமேதார், காலாட்படையிலிருந்து புதிதாக மாறி வந்த இளைஞர், கோட்டயம் பக்கத்துக்காரர். மோசமான மனிதர் அல்ல. வந்த முதல் வாரத்தில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் முன்னே ஒரு கிளாஸ் டீயை எடுத்துக் குடித்துவிட்டார். பழைய ரிசால்தார் எல்லார் முன்னிலையிலும் அவரை வறுத்தெடுத்தார். அன்றிலிருந்து பட்டாளத்து முறைகள் என்றால் அவருக்கு நடுக்கம். குதிரைகள் வெளியூர் போனால் மருந்துப் பெட்டியோடு பின்னால் லாரியில் போவது என் வேலை. அப்படித்தான் நானும் போனேன்.

சந்தைக்குச் சற்று முன்னால் ரோடு ஒரு புளியமரத்தைச் சுற்றி வளைந்து கீழே இறங்கும். புளியமூடு என்பார்கள். வளைவில் நின்றபோது கூட்டம் தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு வண்டியின் மேல் நின்று மாசிலாமணி பேசிக்கொண்டிருந்தார். சந்தைக்கு வந்தவர்களும் கூட்டத்துக்கு வந்தவர்களும் பிரித்தறிய முடியாமல் கலந்து நின்றார்கள். பெண்கள், கிழங்கு மூட்டைகள், கோழிகள். ஓரத்தில் சிலர் குனிந்து கல் பொறுக்குவது லாரியில் இருந்த எனக்கே தெரிந்தது. ரோடோ குறுகல், இறக்கம் வேறு. அந்த இறக்கத்தில் குதிரைகளை ஓட விட்டால் நடுவில் நிறுத்த எந்தச் சவாராலும் முடியாது. ஜமேதார் வரிசை கட்டச் சொன்னார். தடிகளைக் கையில் எடுத்தார்கள். அவர் கை உயர்ந்தது.

அப்போதுதான் யேசுவடியான் கோதையை ஓரடி முன்னால் விட்டு, மலையாளத்தில் சொன்னார்: “சார், இந்த வளைவில் நமது படை குதிரையிலிருந்து இறங்கி நடப்பதுதான் முறை.”

ஜமேதாரின் கை அப்படியே நின்றது. “இவிடெயோ? ஞான் கேட்டிட்டில்லல்லோ.” இங்கேயா, தான் கேள்விப்பட்டதில்லையே என்றார்.

“சார் புதிதல்லவா. நம்முடைய முதல் ரிசால்தார் விழுந்த இடம் இது.”

நான் லாரியில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். பட்டாளத்தின் எல்லா முறைகளையும் இவர் வாயிலிருந்தே கேட்டவன் நான். அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஜமேதார் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் “இல்லை” என்றால் போதும், யேசுவடியானின் கதை அங்கேயே முடிந்திருக்கும். குட்டன் பிள்ளை தொண்டையைச் செருமினார். அவர் மலையாளி, கிளர்ச்சிக்கு எதிரானவர், கிளர்ச்சிக்காரர்களைப் பற்றி லாயத்தில் அவர் சொல்லாத சொல் இல்லை.

“உண்டு ஸாரே,” என்றார். “தொப்பியும் ஊரணும்.”

தொப்பியையும் கழற்ற வேண்டுமாம். அதை யேசுவடியானே எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இறங்கினார்கள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, கடிவாளத்தைப் பிடித்து, தலை குனிந்து நடந்தார்கள். “எதுவரைக்கும்?” என்று ஜமேதார் தாழ்ந்த குரலில் கேட்டார். “சந்தை தாண்டுவது வரை” என்றார் யேசுவடியான். லாரி பின்னால் ஊர்ந்தது. கூட்டம் முதலில் இறுகியது, கல் வைத்திருந்த கைகள் உயர்ந்தன. பிறகு ஒரு குழப்பம். தொப்பியில்லாத தலைகள், வாய் பேசாத ஆட்கள், மெல்ல நடக்கும் குதிரைகள். ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஆருலே செத்தது?” என்று யாரோ கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“தெரியல்லியே. பெரிய ஆளாட்டு இருக்கும்.”

வழி விட்டார்கள். வண்டி மேல் நின்ற மாசிலாமணி பேச்சை நிறுத்தி, தன் மச்சினன் வெறுந்தலையோடு தன் முன்னால் நடந்து போவதைப் பார்த்தார். இறந்தது யார் என்று அறிய ஒரு கூட்டம் குதிரைகளின் பின்னாலேயே வந்தது. சந்தையைத் தாண்டி வெகுதூரம் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் கூட்டத்துக்குத் திரும்பவில்லை, வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் கிழங்கு வாங்கப் போனார்கள். ஒரு தடி உயரவில்லை, ஒரு கல் விழவில்லை. கூட்டம் கலைந்தது என்று ஜமேதார் அறிவித்தார். பொய்யில்லை.

ஆனால் இப்படிப்பட்ட செய்தி லாயத்தில் நிற்காது. விசாரணை வந்தது. எங்கள் கமாண்டன்ட் வயதானவர், ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர், அதிகம் பேசாதவர். சவார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். புளியமூட்டில் இறங்கி நடப்பது முறையா? எல்லாரும் உண்டு என்றார்கள். ஏன் என்று கேட்டபோதுதான் சிக்கல். முதல் ரிசால்தார் விழுந்த இடம் என்றான் ஒருவன். ரிசால்தார் இல்லை, முரசுக் குதிரை செத்த இடம் என்றான் அடுத்தவன். பாம்பு என்றான் மூன்றாமவன். குட்டன் பிள்ளை, அங்கே ஒரு யட்சி உண்டு என்று சொல்லிவிட்டு வந்தார். வெளியே காத்திருந்த எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முன்கூட்டியே பேசி ஒரே கதையாக வைத்துக்கொள்ளக்கூட இவர்களுக்குப் புத்தியில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கமாண்டன்ட் வெளியே வந்து ஜமேதாரிடம் சொன்னது இது: “இவர்கள் பொய் சொல்வதாக இருந்தால் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அப்படியானால் இது உண்மையான வழக்கம்தான்.”

விசாரணை முடிந்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டு யேசுவடியானை மட்டும் உள்ளே அழைத்தார். உள்ளே நடந்ததை அன்றைக்கே அவர் என்னிடம் சொன்னார்.

கமாண்டன்ட் கேட்டாராம்: “நான் இந்தப் படையில் உன் வயதைவிட அதிகக் காலம் இருக்கிறேன். இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?”

பொய் சொல்ல நா எழவில்லையாம். “சார், எல்லா வழக்கத்துக்கும் ஒரு முதல் நாள் உண்டல்லவா? அது போன சந்தை நாள்தான்.”

கமாண்டன்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். “இதை நான் கேட்கவில்லை. உன் டபேதார் பட்டை உன்னிடமே இருக்கட்டும். ஆனால் இனி நீ குதிரையில் ஏற வேண்டாம். கட்டளைக்கும் குதிரைக்கும் நடுவில் யோசிக்கிறவனை நான் சேணத்தில் உட்காரவைக்க முடியாது.”

அவரைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். கோதை வேறொருவனுக்குப் போனது. அந்த மாதங்களில் யேசுவடியான் கிடங்கிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு லாயத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். நேர்வழியில் போனால் கோதையைத் தாண்ட வேண்டும். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கொள்ளு அளவைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கோதையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இரண்டு காதுகளும் அந்தக் குரல் பக்கம் திரும்பின. வாயிலிருந்து என் கையை எடுத்துவிட்டேன், அப்போதும் அது என் பக்கம் திரும்பவில்லை. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்று தோன்றியது.

பிறகு எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, எங்கள் ஊர்கள் இந்தப் பக்கமே நின்றன. மாசிலாமணி குடும்பத்தோடு களியக்காவிளைக்கு அப்பால் குடிபோனார். போகும்முன் ஒரு பெரிய பலாச் சக்கையைத் தோளில் சுமந்துகொண்டு மச்சினன் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணைக்கு நீரு எங்களுக்கு மரியாதை தந்தீருண்ணு நான் மேடையில எல்லாம் சொன்னேன். நெசமா அது?”

“இல்ல மச்சினா.”

“பின்ன?”

“சக்கைய எறக்கி வையும், தோளு நோவும்” என்றார் யேசுவடியான். அவ்வளவுதான். கேள்வி கேட்கத் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்ல விரும்பாத மனிதர். தாயம்மாளுக்கு அவர் மீதிருந்த ஒரே குறையும் அதுதான். “ஊரு முழுக்க கேட்டுகிட்டு வருவாவ, வீட்டுல வாயத் தொறக்கமாட்டாவ” என்பார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போதகரிடம் சந்தேகம் கேட்டு, ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று சபை மூப்பர்களால் அன்பாகக் கேட்டுக்கொள்ளப்பட்டவரும் அவர்தான்.

பட்டாளத்தை விட்டு வந்து சில காலம் லாரி ஓட்டினார், பிறகு டிரைவிங் ஸ்கூல். குதிரையில் அவர் மறுபடி ஏறவே இல்லை. சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரை ஒன்று நின்றது. கிரேஸ் சிறுமியாக இருந்தபோது அதில் ஏற அழுதாள். அவளை ஏற்றிவிட்டு, நடந்தே கூடப் போனார்.

வெகுகாலம் கழித்து ஒரு நாள். நாங்கள் இருவரும் நரைத்துவிட்டோம். ஏதோ பெரிய விழாவுக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து குதிரை வீரர்கள் எங்கள் ரோட்டில் வந்தார்கள். பழைய லாயத்தின் வாரிசுகள், எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. புளியமூட்டில் ஒரு டீக்கடை உண்டு. நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். வளைவுக்கு வந்ததும் முன்னால் வந்தவர் கை காட்டினார். எல்லாரும் இறங்கினார்கள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்கள். நடந்தார்கள்.

என் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. யேசுவடியான் எழுந்து, கடைசியாக வந்த ஓர் இளம் வீரனின் பக்கத்தில் போய், கூடவே நடந்துகொண்டு மலையாளத்தில் கேட்டார்: “இது எதற்கு மோனே?”

அவன் பெருமையாகச் சொன்னான். வெகு பழைய வழக்கமாம். படையின் முதல் ரிசால்தார் இந்த இடத்தில் காயப்பட்டு விழுந்தாராம். அவருடைய குதிரை அவரை விட்டு நகராமல் பகைவர்களை நெருங்கவிடாமல் நின்றதாம். அவர் இறந்த பிறகு யாரையும் தன்மேல் ஏறவிடவில்லையாம். ஆகவே இந்த வளைவில் யாரும் குதிரை மேல் இருக்கக் கூடாது.

“குதிரைக்குப் பேருண்டா?”

“உண்டு. கோதை.”

அவர் நின்றுவிட்டார். அவர்கள் இறக்கத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள். குட்டன் பிள்ளையின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்; ஓய்வு பெறும் வரை புதிய சவார்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நான் பக்கத்தில் போய், “கூப்பிட்டு உள்ளதச் சொல்லப்படாதா வே? நீரு உயிரோட நிக்கேருல்லா” என்றேன்.

“வேண்டாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒருத்தரயும் ஏறவிடல்லையாம். கேட்டீரா? நல்லாயிருக்கு. எனக்க கதைய விட நல்ல கதையாக்கும்.”

போன மாதம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். தாயம்மாள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. கட்டிலில் சாய்ந்திருந்தார், பேச்சு தெளிவாகவே இருந்தது. இத்தனை வருடம் அவரோடு இருந்தும் ஒன்றை நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பது அவர் பங்கு என்று விட்டுவிட்டேனோ என்னவோ. அன்று கேட்டேன். “அண்ணைக்கு வளைவுல வச்சு அந்தப் பொய்ய எதுக்குச் சொன்னீரு? மச்சினனுக்காகவா? தமிழுக்காகவா? இல்ல கோதைக்குக் கல்லு கொள்ளுமேன்னா?”

சிரித்தார். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது.

“கூட்டத்துக்க முன்னால ஒரு பெம்பிள நிண்ணா. பொழியூருக்காரியா இருக்கும், தலையில மீன் கூடை. எல்லாரும் குதிரையக் கண்டு பின்னால நவுருதாவ. இவ மட்டும் நவுரல்ல. பயந்து போய் நிக்காண்ணு நெனச்சேன். பாத்தா, பயமில்ல. வாயத் தொறந்து கோதையப் பாத்துகிட்டு நிக்குதா. குதிரைய முன்ன கண்டிருக்கமாட்டா போல. தலைய இப்பிடிச் சாச்சு, அதுக்க காதப் பாக்குதா, காலப் பாக்குதா. ஜமேதாரு கைய தூக்கிட்டாரு.” மூச்சு வாங்க நிறுத்தினார். “அதிசயப்பட்டுப் பாத்துகிட்டு நிக்குத ஆளுக்க மேல எப்பிடி வே குதிரைய விடுவது?”

நான் லாரியில் பின்னால் இருந்தவன். அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை. கிளர்ச்சியில் அவளுக்குப் பங்கு உண்டா, மீன் விற்க வந்தவளா, பிற்பாடு எங்கே போனாள், எதுவும் தெரியாது. அவர் அதைக்கூடக் கேட்டறியாமல் விட்டது எனக்கு ஆச்சரியம்தான். அடக்கம் முடிந்து வரும் வழியில் அவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். டபேதார் யேசுவடியானிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவளைத்தான்: ஒரு குதிரைப்படை முழுவதும் எதிரே நிற்க, தலையைச் சாய்த்து ஒரு குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. அவளைக் கண்டுகொள்ள அன்று அந்த வரிசையில் ஒருவர் இருந்தார்.